புரை அகன்றது, பார்வை வந்ததா?



கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லித் தரும் எங்களைப் போன்றவர்கள், மாணவர்களின் பெற்றோரைவிடத் தாத்தா பாட்டிமாரையே அதிகமாகச் சந்திக்கிறோம். தாய் தந்தையர் விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மாலையில் அழைத்துச் செல்வதும், தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் இடுவதும் பெரியவர்களின் வேலையாகிவிட்டது. கையொப்பம் இடவேண்டிய கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பெரியவர்கள் பலர். "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "புரையாம். ஆப்பரேசன் செய்யணுமாம். எதுக்கு வாத்தியாரையா? அந்த லயத்துக்காரம்மா செஞ்சிக்கிட்டாங்க, இருந்த பார்வையும் போச்சு."

இந்தப் பேச்சை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. புரை அறுவைக்குப் பிறகு சிலருக்கு எதிர்பார்த்த பார்வை கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை, யாருக்குக் கிடைப்பதில்லை, அப்படிப்பட்டவர்கள் அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் திரை கட்டி, எதிரே இயந்திரத்தை வைத்து, அதற்கு மின்சாரக் கம்பி இழுத்திருப்பார்கள். நம் கண்ணும் ஏறத்தாழ அப்படித்தான். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் தெளிவான கருவிழிப் படலம். அதற்குப் பின்னால் பாவை என்னும் துவாரம். துவாரத்துக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை. கண்ணின் உட்சுவரில் திரையாக விரிந்திருப்பது விழித்திரை. அங்கே விழுந்த படத்தை மூளைக்கு எடுத்துச் செல்லும் கம்பியாகப் பார்வை நரம்பு. வயது ஏற ஏற வில்லை மங்கிப் பழுப்பேறுவதே புரை. அறுவையில் மருத்துவர் செய்வது மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைப்பது, அவ்வளவுதான். இயந்திரத்தின் கண்ணாடி துடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் திரை கிழிந்திருந்தால்? கம்பி அறுந்திருந்தால்? கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் படம் சரியாகத் தெரியாதல்லவா? அறுவை தோற்றுவிட்டது என்று நாம் சொல்லும் பல கண்களில் நடந்திருப்பது இதுதான். அறுவை சரியாகவே நடந்திருக்கும். பழுது வேறிடத்தில் இருந்திருக்கும்.

அறுவையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். எங்கள் சிறுவயதில் சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்த தாத்தாக்கள் தோட்டங்களில் உண்டு. அவர்கள் வில்லை எடுக்கப்பட்டு, வேறு வில்லை வைக்கப்படாதவர்கள். அந்தக் கனத்த கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்கும் ஆளும் மங்கலாகத்தான் தெரிவார். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை முதன்முதலில் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1949ஆம் ஆண்டு, இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அது நடந்தது. போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து, அதே வகைப் பொருளில் வில்லை செய்யலாம் என்று அவர் எண்ணினார். வில்லையின் சக்திக் கணக்குப் பிசகியதால் அந்த முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது என்பது தனிக்கதை. இன்று கண்ணை முன்கூட்டியே அளந்து அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். நுண்ணொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் கொண்டு வந்தார். இப்போது ஓர் அரிசி நீளத்துக்கும் குறைவான வெட்டு போதும்; பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இனி நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வு, மலேசியாவில் பார்வையிழந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குப் புரையே காரணம் என்றும், 24 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய்கள் காரணம் என்றும் கண்டது. 2014இல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் ஆராய்ந்த இரண்டாம் ஆய்வில், பார்வையிழப்புக்குப் புரையின் பங்கு 58.6 விழுக்காடு, நீரிழிவு விழித்திரை நோயின் பங்கு 10.4, கண் அழுத்த நோயின் பங்கு 6.6. இரண்டு ஆய்வுகளும் பார்த்த வயதினர் வேறாகையால் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் புரைக்கு அடுத்து நிற்பவை எவை என்று கவனியுங்கள். திரையைத் தாக்கும் நோயும் கம்பியைத் தாக்கும் நோயும்தான். இந்த நோய்கள் தனித்தனி ஆட்களுக்கு வருவதோடு நிற்பதில்லை. ஒரே கண்ணில் புரையும் இவற்றில் ஒன்றும் சேர்ந்து குடியிருப்பதுண்டு.

முதலில் இனிப்புநீரை எடுத்துக்கொள்வோம். இதுவே நமக்கு மிக நெருக்கமான விஷயம். 2019இன் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. 2023இன் ஆய்வு 15.6 விழுக்காடு என்றது. இந்தியர்களிடையே இந்த விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது. காலையில் டின்பாலை ஊற்றிய தேநீரைச் சுவைக்கும் நேயர்களுக்கு இதற்குமேல் நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

நீரிழிவு கண்ணை இரண்டு வழியில் தாக்குகிறது. வில்லையில் புரையை முன்னதாகவே வரவழைக்கிறது. மற்றவர்களுக்கு 65இல் வருவது இவர்களுக்கு 55இலேயே வந்துவிடலாம். அதே காலத்தில் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களையும் பழுதாக்குகிறது. குழாய்கள் கசிந்தால் விழித்திரை ஊறிய அப்பம்போல் வீங்கும். வீக்கம் நடுப்புள்ளியில் ஏற்பட்டால், எழுத்து வாசிக்கவும் முகம் அடையாளம் காணவும் உதவும் கூர்மையான பார்வை கெடும். குழாய்கள் அடைபட்டால், அவற்றுக்கு ஈடாகப் புதிய குழாய்கள் கண்டபடி முளைக்கும். அவை பலவீனமானவை, உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். இவ்வளவும் வலி ஏதுமில்லாமல் நடக்கும். புரையும் கூடவே இருப்பதால், "எல்லாம் புரையால்தான்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டி அப்படித்தான் நினைத்திருந்தார். முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எங்களைப் பார்த்தபோது, "வெளிச்சம் வந்திருச்சு ஐயா. உங்க சட்டை நீலம்னு தெரியுது. ஆனா மூஞ்சி தெரியலையே!" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பாடப்புத்தகத்தில் இடம் பெறத் தக்கது. வெளிச்சமும் நிறமும் வந்தன. ஏனென்றால் வில்லை தெளிந்துவிட்டது. முகம் தெரியவில்லை, ஏனென்றால் விழித்திரையின் நடுப்புள்ளி வீங்கியிருந்தது. அந்த அம்மாவின் குடும்பத்தார் மருத்துவரைத் திட்டிக்கொண்டு அடுத்த தவணைக்குப் போகாமலே இருந்துவிட்டார்கள். போயிருந்தால் வீக்கத்துக்கு உரிய சிகிச்சை அப்போதே தொடங்கியிருக்கும். மகளிடம் பேசி மறுபடியும் அனுப்பி வைத்தோம். கண்ணுக்குள் ஊசி மருந்து பல மாதம் போட்டார்கள். இன்று அவர் பேத்தியின் முகத்தை அடையாளம் காண்கிறார். பத்திரிகையில் தலைப்புகளைப் படிக்கிறார், சிறு எழுத்து முடியவில்லை. அறுவை வெற்றியா தோல்வியா என்று யாராவது கேட்டால், இரண்டு சொல்லில் எப்படிப் பதில் சொல்வது?

அறுவையே இந்த வீக்கத்தைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 81,984 கண்களின் அறுவைக் குறிப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். நீரிழிவோ வேறு சிக்கலோ இல்லாதவர்களில் ஏறக்குறைய 1.17 விழுக்காட்டினருக்கு அறுவைக்குப் பின் நடுப்புள்ளி வீக்கம் வந்தது. நீரிழிவு உள்ளவர்களிலோ 4.04 விழுக்காட்டினருக்கு. விழித்திரை நோய் முற்றியிருக்க முற்றியிருக்க இந்த விகிதமும் ஏறியது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் என்று அஞ்சலாம். நீரிழிவாளர்களில் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அந்த வீக்கம் வரவே இல்லை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மையே. தோட்டத்தில் முதலாவது மட்டும்தான் வாய்விட்டு வாய் பரவுகிறது.

ஆகவே நீரிழிவாளருக்குப் புரை அறுவையில் காலமும் வரிசையும் முக்கியம். அறுவைக்கு முன்பே பாவையை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். சிகிச்சை தேவைப்படும் நோய் அங்கே இருந்தால், லேசர் ஒளியோ ஊசி மருந்தோ கொடுத்து அதை அடக்கிவிட்டுப் பிறகு புரையை எடுப்பதே வழக்கம். ஆனால் புரை சுவராக முற்றிவிட்டால், மருத்துவரின் விளக்கொளியும் உள்ளே போகாது. அப்போது ஒலியலைக் கருவியால் விழித்திரை பிரிந்திருக்கிறதா, இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று மட்டுமே ஓரளவு அறிய முடியும். அப்படிப்பட்ட கண்ணில் புரையை எடுப்பதன் முதல் நோக்கமே உள்ளே பார்ப்பதற்கு வழி திறப்பதுதான். நமக்கு வெளியே தெரிவதற்கு மட்டுமல்ல, மருத்துவருக்கு உள்ளே தெரிவதற்கும் புரை அகல வேண்டியிருக்கிறது. "முற்றட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்கும் பழைய பழக்கம் நீரிழிவாளர்களுக்கு ஏன் ஒத்துவராது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொன்று. அறுவைக்கு நாள் குறித்தவுடன் ஒரு வாரம் பட்டினி கிடந்து, கண்ட கசாயத்தைக் குடித்து, சர்க்கரையைத் தடாலென்று இறக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் பார்க்க விரும்புவது ஒருநாள் சர்க்கரையை மட்டுமல்ல. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதை ஏமாற்ற முடியாது. நெடுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரையை மிக விரைவாக இறக்கினால் சிலருக்கு விழித்திரை நோய் தற்காலிகமாக மோசமாவதும் உண்டு. நிதானமாக, மாதக்கணக்கில் இறக்குவதே கண்ணுக்கு நல்லது.

அடுத்து, கம்பியைத் தாக்கும் நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சாவதைக் கண் அழுத்த நோய் என்கிறோம். ஓரப்பார்வை முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. செத்த நரம்பு மீளாது. இந்த நோய் முற்றிய கண்ணில் புரையை எடுத்தால், எஞ்சியிருக்கும் பார்வை தெளிவாகும். இழந்த பகுதி திரும்பாது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தவர், துடைத்த குழாய் வழியாகப் பார்ப்பார்.

ஆனால் இந்த நோயில் நம்பிக்கையூட்டும் ஒரு செய்தி உண்டு. ஆசியர்களிடையே அதிகமாகக் காணப்படும் ஒரு வகையில், நீர் வடியும் மூலையே குறுகியிருக்கும். வயதாக ஆக வில்லை தடித்து, முன்னால் நெருக்கி, அந்த மூலையை அடைக்கிறது. அப்படியானால் வில்லையை எடுத்துவிட்டால் வழி திறக்குமல்லவா? 419 பேரைக் கொண்டு ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மலேசியாவும் அதில் பங்கேற்றது. புரை இல்லாத தெளிந்த வில்லையையே எடுத்தவர்களுக்கு, வழக்கமான லேசர் சிகிச்சை பெற்றவர்களைவிட அழுத்தமும் நன்கு அடங்கியது, அன்றாட வாழ்வும் மேம்பட்டது. கூடவே இருக்கும் நோய் எப்போதும் அறுவைக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வகையில் அறுவையே அந்த நோய்க்கும் மருந்தாகிறது. மற்ற வகையிலும் அழுத்தம் சிறிதளவு இறங்குவதுண்டு. ஆனால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. அறுவைக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகையால் சொன்ன காலத்துக்கு மேல், மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டிருப்பதும் தவறு.

தோட்டத்துக்கே உரிய பழுதுகளும் உண்டு. செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து அறுக்கும்போது தூசியும் சில்லும் கண்ணில் விழும். மட்டையின் முள் கிழிக்கும். கருவிழியில் பட்ட காயம் புண்ணாகி, ஆறிய பின் வெள்ளைத் தழும்பாக நிற்கும். பலத்த அடி பட்ட கண்ணில், வயது முப்பதேயானாலும் புரை வரலாம். வில்லையைத் தாங்கும் நூலிழைகளும் அறுந்திருக்கலாம். பிறகு, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் வேலை செய்தவர்களின் கண்ணில் மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் படரும் சதை. அது கருவிழியின் வளைவையே மாற்றிவிடுவதால் வில்லையின் சக்திக் கணக்குப் பிசகும். எனவே சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கண் ஆறிய பிறகு அளவெடுத்துப் புரைக்குப் போவார்கள். "ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடக் கூடாதா?" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதுவே காரணம். இன்று செம்பனை வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே இருக்கிறார்கள். நாம் பட்ட காயங்களை அவர்கள் இப்போது பட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடியை அவர்கள் எல்லாருக்கும் கொடுத்து, அணிகிறார்களா என்றும் பார்க்கிற மண்டோர்கள் பெருக வேண்டும்.

நம் மூதாதையர் வந்த தமிழ்நாட்டில் அடிக்கடி காணப்படும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில முதியவர்களின் வில்லைமேலும் பாவையின் விளிம்பிலும் பொடுகுபோல் வெண்துகள் படியும். பின்லாந்து மருத்துவர் லிண்ட்பெர்க் 1917இல் இதை விவரித்தார். இத்தகைய கண்களில் பாவை நன்றாக விரியாது. வில்லையைத் தாங்கும் இழைகள் நொய்ந்திருக்கும். அழுத்த நோயும் சேர்ந்து வரும். அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அஞ்சிவந்த கண் இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நேயர்கள் பலர் அறிந்திருக்கலாம். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. விலை குறைந்த வில்லைகளை 1992 முதல் மதுரையிலேயே செய்கிறார்கள். அந்த அரவிந்த் மருத்துவமனைகளில், இந்தத் துகள் படிந்த கண்களையும் படியாத கண்களையும் ஒப்பிட்டு நெடிய ஆய்வு நடத்தினார்கள். வில்லை ஆட்டம் காணாத கண்களைத் தேர்ந்த கைகள் அறுவை செய்தபோது, சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். நோயின் தொடக்கத்திலேயே வந்தவர்களுக்கும் கை தேர்ந்தவரிடம் வந்தவர்களுக்கும் பொருந்தும் செய்தி இது. முற்றிய கண்ணோடு வருகிறவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

கண்நோயே அல்லாத ஒன்றும் அறுவையைச் சிக்கலாக்கும். ஆண்களுக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் என்ற மருந்து, அறுவையின்போது பாவையைச் சுற்றியுள்ள திரையைத் துவளச் செய்கிறது. இது 2005இல்தான் கண்டறியப்பட்டது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாட்டோடு வருவார். "கண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?" என்று வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினாலும் அதன் விளைவு நெடுநாள் நீடிக்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, இத்தகைய கண்களுக்கு அறுவையின் பலன் என்ன என்ற கேள்வி எழும். பலனை மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள்? எழுத்து அட்டையில். 6/6 என்றால் நல்ல பார்வை. 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் படிக்கிறார். 6/60க்குக் கீழே என்றால் அட்டையின் மிகப் பெரிய எழுத்தும் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் முன்பு வகுத்த அளவுகோலின்படி, அறுவை செய்த கண்களில் 85 விழுக்காடாவது 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற வேண்டும். 6/60க்குக் கீழ் நிற்பவை 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மலேசியச் சுகாதார அமைச்சு 2002 முதல் அரசு மருத்துவமனைகளின் புரை அறுவைகளைப் பதிவேட்டில் குறித்து வருகிறது. அறுவையின் பலனை எல்லாக் கண்களுக்கும் ஒரு கணக்காகவும், வேறு கண்நோய் இல்லாத கண்களுக்குத் தனிக் கணக்காகவும் அதில் காட்டுகிறார்கள். மருத்துவரின் திறனை எடைபோட இந்தப் பிரிவு நியாயமானது. கிழிந்த திரைக்குக் கண்ணாடி துடைத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளி எந்தக் கணக்கில் சேர்ந்தவர் என்பதை அவருக்கு முன்கூட்டியே, அவருடைய மொழியில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. மலாயில் அச்சடித்த ஒப்புதல் தாளில் விரல் ஒற்றுவது சொன்னதாகாது. "உங்களுக்கு நடமாடப் பார்வை வரும், வாசிக்க வராது" என்று முன்னால் சொல்லியிருந்தால், அந்த நோயாளி நடமாடும் பார்வையைப் பெற்று மகிழ்ந்திருப்பார். சொல்லாமல் விட்டதால், அதே பார்வையைப் பெற்று ஏமாந்தார். ஊரில் பரவும் கதையும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

நடமாடும் பார்வையைக் குறைவாக எண்ண வேண்டாம். விரல் எண்ணக்கூட முடியாதவர், அறுவைக்குப் பின் 6/60 பெற்றால் அட்டையின்படி அது மோசமான பலன்தான். ஆனால் அவர் யார் கையையும் பிடிக்காமல் கழிவறைக்குப் போகிறார். சோற்றில் கிடப்பது மீனா முள்ளா என்று பார்க்கிறார். படியில் விழாமல் இறங்குகிறார். பேத்தியைப் பள்ளி விடுமுறை எடுக்க வைத்துத் துணைக்கு நிறுத்திக்கொள்ளும் வீடுகளை நாங்கள் அறிவோம். அந்தப் பேத்தி வகுப்புக்குத் திரும்புகிறாள் என்பதும் எங்கள் கணக்கில் ஒரு பலன்தான்.

அறுவைக்குப் பின்னும் பார்வை போதாதவர்களுக்கு வழி அடைந்துவிடவில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைக்கோல் பிடித்து அந்தத் தெருக்களில் தனியே நடந்து வேலைக்குப் போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எஞ்சிய பார்வையைக் கொண்டு வாழ்க்கையை நடத்தப் பயிற்சி உண்டு என்பதை முதியவர்களும் அறிந்திருப்பது நல்லது. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை, 1986இல் இந்தச் சங்கத்தின் முயற்சியில் பிறந்ததே. பார்வையற்றோருக்கான சங்கம் ஒன்று, பார்வை போகாமல் தடுக்கும் வேலையிலும் இறங்கியது கவனிக்கத்தக்கது.

இனி, மருத்துவமனைக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்? நீரிழிவு உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். பல அரசுச் சுகாதாரக் கிளினிக்குகளில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவி இருக்கிறது, கேட்டால் எடுப்பார்கள். புரை என்று சொல்லப்பட்டால், "புரையைத் தவிர என் கண்ணில் வேறென்ன இருக்கிறது? அறுவைக்குப் பின் எதுவரை தெரியும்?" என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். மொழி தடையானால் படித்த பேரனை அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாவையை விரிக்கும் மருந்து ஊற்றினால் சில மணி நேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று எண்ண வேண்டாம்.

அறுவை முடிந்த பின், மருத்துவமனை குறித்துக் கொடுக்கும் தவணைகளில் ஒன்றையும் விடாதீர்கள். நடுப்புள்ளி வீக்கம் பெரும்பாலும் அன்றே வருவதில்லை; சில வாரங்கள் கழித்து, கண் நன்றாகிவிட்டது என்று நாம் தவணையை மறக்கும் சமயத்தில் வரும். மாதங்கள், ஆண்டுகள் சென்று பார்வை மறுபடியும் மங்கினால், புரை திரும்பி வந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். வில்லையைத் தாங்கும் உறை மங்குவதுண்டு. லேசர் ஒளியால் சில நிமிடத்தில் அதைத் திறந்துவிடலாம். ஆனால் அறுவை செய்த கண்ணில் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, வந்த பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் ஒளியும் கருந்திரை இறங்குவதுபோல் நிழலும் தோன்றினாலோ தவணை நாள்வரை காத்திருக்கக் கூடாது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரக்கூடிய கிருமித் தொற்று, ஒரே இரவில் கண்ணைக் கெடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், பெருநாளாக இருந்தாலும், அறுவைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.